மஞ்சள் நிறத்தை நம்பி ஏமாறாதீர்கள்: க்யூட்டினேஸ் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செடியின் மெழுகுப் பூச்சு முழுவதும் மெழுகு அல்ல. அதன் சட்டகம் க்யூட்டின்: 16, 18 கார்பன் உள்ள ஹைட்ராக்சி கொழுப்பு அமிலங்கள் எஸ்டர் பிணைப்பால் கோத்த பாலிமர். தெர்மோபிஃபிடா ஃபஸ்கா போன்ற பாக்டீரியாக்களின் க்யூட்டினேஸ் நொதி வெட்டுவது அந்த எஸ்டரைத்தான். மெழுகிலுள்ள ஆல்கேன்களில் வெட்ட எஸ்டரே கிடையாது.

ஆகவே சோதனைக்கு வேண்டிய க்யூட்டினுக்காகத் தக்காளித் தோலை உரித்து அப்படியே அரைத்துப் போடுவது முதல் தவறு. மெழுகு நொதியை மறைக்கும்; அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் பொய்க் கணக்கும் காட்டும். லிட்டருக்கு 16 கிராம் அமோனியம் ஆக்சலேட், 4 கிராம் ஆக்சாலிக் அமிலம் கலந்த கரைசலில் தோலைக் கொதிக்க வையுங்கள். ஒட்டியிருக்கும் சதையை செல்லுலேஸ், பெக்டினேஸ் என்ற நொதிகள் கரைக்கட்டும். பிறகு குளோரோஃபார்ம்-மெத்தனாலில் மெழுகை எடுத்துவிட்டு, உலர்த்தி அரையுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது பாரா-நைட்ரோஃபீனைல் பியூட்டிரேட் சோதனையில். இந்தச் செயற்கை எஸ்டரை நொதி வெட்டினால் மஞ்சள் நிற நைட்ரோஃபீனால் வெளிவரும்; அந்த மஞ்சள் ஏறும் வேகமே நொதியின் அளவுகோல். நொதியே சேர்க்காத குவெட்டை (ஒளி உறிஞ்சுதலை அளக்கும் சிறு குப்பியை) சற்று நேரம் கவனியுங்கள். அதிலும் இளமஞ்சள் ஏறும். இந்த எஸ்டர் தானாகவே சிதையும், பிஹெச் 8-ஐத் தாண்டினால் இன்னும் வேகமாக. நொதியற்ற குவெட்டின் வேகத்தை ஒவ்வொரு முறையும் கழித்தே ஆக வேண்டும்.

அடுத்தது கணக்கு. நைட்ரோஃபீனாலின் பிகேஏ, அதாவது அதில் பாதி மஞ்சள் அயனியாக மாறும் பிஹெச், சுமார் 7.15. பிஹெச் 7-இல் அதில் 40 சதவீதம்தான் மஞ்சளாகத் தெரியும். அங்கே காரக் கரைசலுக்குரிய 18,000 என்ற உறிஞ்சு குணகத்தை (நிறத்தின் அடர்த்தியைச் செறிவாக மாற்றும் எண்ணை) போட்டால் விடை பாதிக்கும் கீழே போய்விடும். உங்கள் பஃபரிலேயே (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசலிலேயே) நைட்ரோஃபீனாலின் அளவுக்கோடு வரைந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் 348 நானோமீட்டரில் அளவிடுங்கள், அங்கே பிஹெச் குறுக்கிடாது.

ட்ரிஸ் பஃபரில் தனிக் கவனம் வேண்டும். 25 டிகிரியில் பிஹெச் 8.0 என்று சரிசெய்தது 60 டிகிரியில் ஏறக்குறைய 7 ஆகிவிடும். பாஸ்பேட்டுக்கு மாறுகிறவர்கள் நொதியை நிலைப்படுத்தச் சேர்க்கும் கால்சியத்தை அதில் ஊற்றக் கூடாது, வெண்படிவாக இறங்கிவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், லிப்பேஸ், சாதாரண எஸ்டரேஸ், ஏன் ஆல்புமின் புரதம்கூட இதே மஞ்சளைத் தரும். க்யூட்டினேஸ்தான் என்று சொல்ல, தயாரித்த க்யூட்டினில் நொதியைச் சேர்த்து, வெளிவரும் 10,16-டைஹைட்ராக்சி ஹெக்ஸாடெக்கனாயிக் அமிலத்தை ஜிசி-எம்எஸ்ஸில் (சேர்மங்களைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் கருவியில்) காட்ட வேண்டும். கூடவே செயலிழந்த நொதியும் ஒரு குழாயில் ஓட வேண்டும். இது வெப்பம் தாங்கும் நொதி என்பதால், கொதிநீரில் வைத்து எடுத்த பிறகு உண்மையிலேயே செயலிழந்ததா என்று சோதித்த பின்பே அதைப் பயன்படுத்துங்கள்.