கருப்பு லென்ஸ் போட்டா கண்ணு தப்பிச்சிடுமா? சேஃப்டி கண்ணாடில தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுசா வேலை கத்துக்க வர்ற பசங்க கண்ணாடி விஷயத்துல பண்றத பாத்தா, நாங்க கத்துக்கிட்ட காலத்துல நடந்ததே அப்படியே திரும்ப நடக்குது, ஆள் மட்டும்தான் மாறியிருக்கு. கண்ணாடியே போடாம கிரைண்டர் ஓட்டுறது, நெத்தியில ஏத்தி வெச்சுக்கிட்டு வெட்டுறது, இதெல்லாம் தப்புன்னு எல்லாருக்குமே தெரியும், அதனால அதுக்குள்ள போகல. கண்ணாடி போட்டிருக்கோம்ல, போதும்னு நம்பிக்கிட்டு தப்பான லென்ஸ மாட்டியிருக்கிறவங்களுக்காகத்தான் எழுதுறேன்.

கூலிங் கிளாஸ் போட்டு வெல்டிங் பண்றது

இத பாத்தா எனக்கு இன்னிக்கும் கோவம் வரும். "ஒரே ஒரு டாக் தான்ணா, அதான் கருப்பு கண்ணாடி போட்டிருக்கேன்ல"ன்னு சொல்லுவாங்க. டாக்னா ரெண்டு துண்டையும் அசையாம பிடிக்கறதுக்கு வைக்கற சின்னப் பொட்டு வெல்டிங். லென்ஸ் கருப்பா இருக்கறது வேற, லென்ஸ் பாதுகாக்கறது வேற, இது ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறதுதான் எல்லா தப்புக்கும் ஆரம்பம்.

கணக்க பாருங்க. வெயிலுக்கு போடுற நல்ல அடர்த்தியான கூலிங் கிளாஸ் வெளிச்சத்துல 8லருந்து 18 சதவீதம் வரைக்கும் உள்ள விடும். கேஸ் கட்டிங்குக்கு போடுற ஷேட் 5 லென்ஸ் சுமார் 2 சதவீதம் விடும் (ஷேட்ங்கறது லென்ஸ் எவ்வளவு இருட்டுன்னு காட்டற நம்பர், நம்பர் ஏற ஏற இருட்டு கூடும்). ஆர்க் வெல்டிங்குக்கு, அதாவது கரண்ட் பொறியால உருக்கி ஒட்டறதுக்கு, போடுற ஷேட் 10 விடுறது சுமார் 0.014 சதவீதம், அதாவது 7000ல ஒரு பங்கு. இப்ப சொல்லுங்க, கூலிங் கிளாஸ் இதுல எங்க நிக்குது? ரெண்டு கூலிங் கிளாஸ ஒண்ணு மேல ஒண்ணு போட்டாக்கூட அதிகபட்சம் ஷேட் 6 கிட்டதான் வரும். சில பேர் ரெண்டு ஷேட் 5 சேர்த்தா 10 ஆயிடும்னு நினைக்கறாங்க, அதுவும் தப்பு, ஷேட் நம்பர கூட்டும்போது ஒண்ணு கழிச்சுக்கணும், 9 தான் வரும்.

நல்ல பாலிகார்பனேட் (பலமான ஒரு வகை பிளாஸ்டிக்) லென்ஸ் நேரா வர்ற யூவிய, அதாவது புற ஊதா கதிர, தடுக்கும், அத நான் மறுக்கல. ஆனா ஆர்க்ல இருந்து வர்றது நேரா மட்டுமா வருது, சுவத்துல பட்டு, தகரத்துல பட்டு, கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளில பூந்து, லென்ஸோட பின்பக்கம் பட்டும் கண்ணுக்குள்ள வருது, அதோட யூவி இல்லாத அந்த வெறும் வெளிச்சமே அவ்வளவு நேரம் பாத்தா விழித்திரைய பாதிக்கற அளவுக்கு பலமானது.

எங்க ஷெட்ல ஒரு பையன், கை நல்லா வரும், கேட் ஃபிரேம் ஒண்ணு டாக் போட்டுட்டு இருந்தான். ஹெல்மெட் அந்தப் பக்கம் டேபிள்ல கிடந்துச்சு, எடுக்க சோம்பல்பட்டு கூலிங் கிளாஸோடயே முடிச்சுட்டான். சாயங்காலம் சிரிச்சுக்கிட்டேதான் வீட்டுக்குப் போனான். நடுராத்திரி எந்திரிச்சு கண்ணத் திறக்க முடியல, மண்ண அள்ளி கண்ணுல போட்ட மாதிரி இருக்குன்னு அழுதிருக்கான். அவனுக்கு பைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நின்ன ஹெல்ப்பருக்கும் அதேதான், அவன் ஆர்க்க நேரா பாக்கவே இல்லன்னு சத்தியம் பண்ணான், அது உண்மையாவே இருக்கலாம், ஏன்னா சைடுல வந்ததே போதும்.

இந்தத் தப்பு சாகாம இருக்கறதுக்கு காரணமே இதுதான். ஆர்க் அடிச்சா உடனே வலிக்காது, கருவிழி மேல்தோல் வெந்தது 6லருந்து 12 மணி நேரம் கழிச்சுதான் தெரியும், அதனால வேலை செய்யும்போது "ஒண்ணும் ஆகலையே"ன்னு தோணிடுது. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல ஆறிடும், ஆனாலும் கண் டாக்டர பாத்துடுங்க, யாரோ சொன்னாங்கன்னு கண்ணுல எதையும் ஊத்தாதீங்க. முக்கியமா, மரத்துப் போற சொட்டு மருந்த வாங்கி வெச்சுக்கிட்டு வலிக்கும்போதெல்லாம் விட்டுக்காதீங்க, அது காயம் ஆறவிடாம கருவிழியையே கெடுத்துடும்.

சரி, எத போடறது? ஸ்டிக் வெல்டிங்ல, அதாவது ராட் வெச்சு பண்ற ஆர்க் வெல்டிங்ல, 60லருந்து 160 ஆம்பியர் வரைக்கும் குறைஞ்சபட்சம் ஷேட் 8, வசதியா இருக்கறது 10. அதுக்கு மேல 250 வரைக்கும் போனா குறைஞ்சது 10. கேஸ் கட்டிங்ல 25 மில்லிமீட்டருக்கு கம்மியான தகடுன்னா 3, 150 வரைக்கும் 4, அதுக்கு மேல 5. அடர்த்தியான நம்பர்ல ஆரம்பிச்சு, உருகுற இடம் தெளிவா தெரியற வரைக்கும் ஒவ்வொரு நம்பரா இறங்குங்க, ஆனா குறைஞ்சபட்சத்துக்கு கீழ போகாதீங்க. ஹெல்மெட்டுக்குள்ள கிளியர் சேஃப்டி கண்ணாடியும் போட்டுக்கோங்க, ஏன்னா ஹெல்மெட்ட தூக்கிட்டு ஸ்லாக், அதாவது வெல்டிங் மேல படியற ஓட்ட, தட்டும்போதுதான் சூடான சில்லு கண்ணுக்கு வருது.

ஷெட்டுக்குள்ள ஸ்மோக் லென்ஸ்

வெயில்ல போட்டத அப்படியே உள்ளயும் போட்டுக்கிட்டு டிரில்லிங் மெஷின் முன்னாடி நிக்கறாங்க. மார்க்கிங் கோடு தெரியலன்னு முகத்த பிட்டுகிட்ட கொண்டு போறாங்க, அதுல எங்க பாதுகாப்பு? உள்ள வேலைக்கு கிளியர் லென்ஸ் தான். பாலிகார்பனேட்டா இருந்தா நிறமே இல்லாமலும் வெயில்ல இருக்கற யூவிய கிட்டத்தட்ட முழுசா தடுத்துடும், யூவிக்காக கருப்பு வேணும்னு இல்ல. கருப்பும் சாம்பலும் கண்ணு கூசாம இருக்கறதுக்கு மட்டும். உள்ளயும் வெளியவும் மாறி மாறி போறவங்களுக்கு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவங்க மாதிரி, லேசா மிரர் பூசின இண்டோர்-அவுட்டோர் லென்ஸ் இருக்கு, பாதி வெளிச்சம் உள்ள வரும். வெயில்ல தானா கருப்பாகி உள்ள வந்தா தெளிவாகுற லென்ஸ நம்பி இருட்டான இடத்துக்குள்ள வேகமா போகாதீங்க, அது திரும்ப தெளிவாகறதுக்கு சில நிமிஷம் ஆகும்.

மஞ்சள் லென்ஸ் எல்லாத்துக்கும் நல்லதுன்னு நினைக்கறது

மஞ்சள் நீல வெளிச்சத்த வெட்டும், அதனால மங்கலான நேரத்துல ஓரங்கள் பளிச்னு தெரியும், பொழுது சாயும்போது வெளிவேலைக்கு எனக்கே பிடிக்கும். ஆனா வயர் வேலைக்கு போடவே கூடாது, நீல வயர் கருப்பு மாதிரி தெரியும், வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. நிறத்த பாத்து முடிவு பண்ற எந்த வேலைக்கும் கிளியர், வெயில்னா சாம்பல், சாம்பல் தான் நிறங்கள பெருசா மாத்தாது. ராத்திரி வண்டி ஓட்ட மஞ்சள் உதவும்னு சொல்றதயும் நம்பாதீங்க, இருக்கற கொஞ்ச வெளிச்சத்தையும் அது குறைக்கத்தான் செய்யும்.

பவர் கண்ணாடி போட்டிருக்கேனே

அது சேஃப்டி கண்ணாடி இல்ல. ஃபிரேம்லயும் லென்ஸ்லயும் முத்திரை பாருங்க. அமெரிக்க தரத்துல இசட்87+ன்னு பிளஸ் குறியோட இருந்தா, 6.35 மில்லிமீட்டர் இரும்பு குண்ட செகண்டுக்கு சுமார் 45 மீட்டர் வேகத்துல அடிச்சு சோதிச்சது. ஐரோப்பிய ஈஎன் 166ல எஃப் எழுத்தும் அதே வேகத்தத்தான் குறிக்குது. முத்திரை இல்லாத லென்ஸ் உடைஞ்சா அந்தச் சில்லே கண்ணுக்குள்ள போகும். பவர் போட்ட சேஃப்டி கண்ணாடி கிடைக்குது, இல்லன்னா மேல மாட்டிக்கற மாதிரி பெரிய கண்ணாடி வாங்கிக்கோங்க.

ஃபேஸ் ஷீல்டு இருக்கு, உள்ள கண்ணாடி எதுக்கு

தாடைக்கு கீழ இருந்து பொறி வரும். ரெண்டும் போடுங்க.

ஆசிட், தின்னர் ஊத்தும்போது சாதா கண்ணாடி

கண்ணச் சுத்தி இடைவெளி இல்லாம மூடுற காகிள்ஸ். வேற பேச்சே இல்ல.

எந்த லேசருக்கும் ஒரே கண்ணாடி

532 நானோமீட்டர் பச்சை லேசருக்கு செஞ்சது 1064 நானோமீட்டர நிறுத்தணும்னு கட்டாயம் இல்ல, அந்த 1064 கண்ணுக்கு தெரியவும் தெரியாது. லென்ஸ்ல போட்டிருக்கற அலைநீளத்தையும் ஓ.டி. (OD) மதிப்பையும், அதாவது அந்த லேசர லென்ஸ் எவ்வளவு குறைக்கும்னு காட்டற எண்ணையும், மெஷின் லேபிளோட ஒத்துப் பாத்துட்டு போடுங்க, நிறத்த பாத்து எடுக்காதீங்க.

போலரைஸ்டு லென்ஸ்

பட்டுத் தெறிக்கற கூச்சத்த வெட்டுற இந்த லென்ஸ் போட்டு பாத்தா சில மெஷின் டிஸ்ப்ளே கருப்பா போயிடும். மெஷின் ஓட்டுறவங்களுக்கு வேண்டாம்.

லென்ஸ தின்னர்லயும் பனியன்லயும் துடைக்கறது

பாலிகார்பனேட்டுக்கு அசிட்டோன், தின்னர் ஆகவே ஆகாது, கண்ணுக்கு தெரியாத விரிசல் விட்டுடும், அப்புறம் அடி தாங்காது. வறண்ட துணில தேச்சா தூசியே லென்ஸ கீறும், பனி படியாம இருக்கற கோட்டிங்கும் போயிடும், அப்புறம் மூச்சுக்காத்துல மங்குதுன்னு கண்ணாடிய கழட்டி வெச்சுட்டு வேலை செய்வாங்க. முதல்ல தண்ணில அலசுங்க, லேசா சோப்பு போடுங்க, மெத்துன துணில ஒத்தி எடுங்க. நடுவுல கீறல் விழுந்துடுச்சுன்னா அன்னிக்கே மாத்திடுங்க.