மறதி நோய் உள்ள பெற்றோரோடு வந்திருக்கிறீர்களா? ஓர் உடற்பயிற்சிக் குழுவைத் தேடுங்கள்

டிமென்ஷியா உள்ள அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு புது நாட்டுக்கு வருகிறவர்கள் முதலில் மருத்துவரைத் தேடுவார்கள், மருந்துக்கு வழி செய்வார்கள். அப்புறம் பெரியவரை வீட்டோடு வைத்துவிடுவார்கள். "பாஷை தெரியாது, வெளியே போய் என்ன பண்ணுவார்?" என்று நானும் ஒன்றரை வருடம் அப்பாவை அப்படித்தான் வைத்திருந்தேன். அதற்குள் அவருடைய நடை தளர்ந்து, நாற்காலியிலிருந்து எழவே கை கொடுக்க வேண்டியதாகிவிட்டது. உங்கள் வீட்டில் அது நடக்க வேண்டாம்.

பல நாடுகளில் மறதி நோய் உள்ளவர்களுக்கென்றே உடற்பயிற்சிக் குழுக்கள் உண்டு. பயிற்சியாளர் ஒருவர் முன்னால் நின்று நடத்துவார். தன்னார்வலர்கள் பெரியவர்களுக்கு நடுவே உட்கார்ந்து கூடவே செய்வார்கள். குடும்ப மருத்துவர், மறதி நோய் சங்கம், அக்கம்பக்கத்துச் சமூக மையம் என்று எங்கே கேட்டாலும் வழி சொல்வார்கள்.

நினைவு திரும்பும் என்று நம்பிப் போகாதீர்கள். இங்கிலாந்தில் 494 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், கடுமையான பயிற்சி உடல்திறனைக் கூட்டியது. மறதி முற்றுவதைத் தடுக்கவில்லை. காலில் வலு, தடுமாறாத நடை, நாலு பேர் முகம், இவைதான் நமக்குக் கிடைப்பவை. என்னைக் கேட்டால் அதுவே பெரிது. தானாக எழுந்து கழிப்பறைக்குப் போக முடிகிறவருக்கும் முடியாதவருக்கும் அன்றாட வாழ்க்கை எவ்வளவு வேறு என்று பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தெரியும்.

பாஷை பற்றிய பயம் அப்பாவின் முதல் நாளிலேயே எனக்குப் போய்விட்டது. பக்கத்தில் வந்த தன்னார்வலர் ஒன்றும் சொல்லவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், அப்பாவின் கண்ணைப் பார்த்தார், தன் வலது முழங்காலை மெல்லத் தூக்கினார். அப்பா கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை அவர் காலும் எழும்பியது. பிறகு ஒரு பலூனைத் தட்டி விட்டார்கள். யாரும் சொல்லாமலே அப்பாவின் இரண்டு கையும் மேலே போயின. பெயரும் சொல்லும் மறந்த பிறகும் உடம்பு பழகியது பெரும்பாலும் நெடுநாள் நிற்கும்.

ஆனாலும் ஒரு உதவி செய்யுங்கள். பிற்காலத்தில் கற்ற மொழி பலருக்கு முதலில் நழுவிப் போகும், தாய்மொழி தங்கும். அதனால் எழுந்திருங்க, உட்காருங்க, மெதுவா, போதும், வலிக்குதா, தண்ணீர், பாத்ரூம் போன்ற சொற்களை அந்த ஊர் எழுத்தில் ஓர் அட்டையில் எழுதித் தன்னார்வலரிடம் கொடுங்கள். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணவும் சொல்லிக் கொடுங்கள். அப்பாவோடு உட்காரும் தன்னார்வலர் "ஏழு, எட்டு" என்று தட்டுத்தடுமாறிச் சொன்னபோது அப்பா அவரைத் திருத்திவிட்டுச் சிரித்தார்.

சேர்க்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முன்பு விழுந்தது, எந்த மூட்டு வலிக்கும், காது கேட்கும் கருவி எல்லாவற்றையும் குழுவில் சொல்லுங்கள். லூயி பாடி (Lewy body) என்ற வகை டிமென்ஷியா என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். எழுந்தவுடன் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றக்கூடும். வலியை வாயால் சொல்லத் தெரியாதவர் முகம் சுளிப்பார், கையைத் தட்டி விடுவார். அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடக் கூடாது என்று தன்னார்வலருக்குச் சொல்லி வையுங்கள். பின்பட்டி இல்லாத செருப்பு வேண்டாம், காலைப் பிடிக்கிற ஷூ போடுங்கள். வாசலில் கறுப்பு மிதியடி கிடந்தால் எடுக்கச் சொல்லுங்கள், சிலர் கண்ணுக்கு அது பள்ளமாகத் தெரியும்.

"எக்சர்சைஸுக்குப் போகலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். "வாங்கப்பா, கிளம்பலாம்" என்று ஷூவை எடுத்து வையுங்கள். அதே நாள், அதே நேரம், முடிந்தால் அதே நாற்காலி. முதல் இரண்டு வாரம் வெறுமனே உட்கார்ந்திருந்தாலும் சரி, நிறுத்திவிடாதீர்கள். வாரம் ஒரு வகுப்பு மட்டும் போதாது. 65 வயது தாண்டியவர்கள் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்ற நாட்களில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை வீட்டில் பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள்.

சில குழுக்களில் நீங்கள் கூட இருக்க வேண்டும், சிலவற்றில் விட்டுவிட்டுப் போகலாம். போகலாம் என்றால் குற்ற உணர்வில்லாமல் போய் ஒரு மணி நேரம் ஓய்வெடுங்கள். பழகிய பிறகு நீங்களும் தன்னார்வலராகச் சேரலாம். அதற்கு முன் காவல்துறைச் சான்று கேட்பார்கள், வந்து சேரச் சில வாரம் பிடிக்கும். முன்கூட்டியே விண்ணப்பித்து வையுங்கள்.