காசைக் கொட்டி வாங்கின தையல் மெசின் ஏமாத்திப்போட்டுதோ? விக்கமுதல் இதுகளைச் செய்து பாருங்கோ

போன நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் நான் ஒரு கம்பியூட்டர் தையல் மெசின் வாங்கினனான், ஒண்டரை லட்சத்துக்குக் கிட்ட, சீட்டு எடுத்த காசு. கடையில அந்தப் பெடியன் விறைச்ச துணித்துண்டு ஒண்டில பூ, இலை, தாரா எல்லாம் வரிசையாத் தைச்சுக் காட்ட நான் அதிலயே விழுந்துபோனன். வீட்ட கொண்டுவந்து மகளின்ர பட்டுப்பாவாடைக்குக் கரை அடிக்க வெளிக்கிட்டால் கீழ்ப்பக்கம் நூல் குருவிக்கூடு மாதிரிச் சுருண்டு, துணியை உள்ளுக்கை இழுத்து, கடைசியில கத்தரிக்கோலால வெட்டித்தான் எடுத்தது. அண்டைக்கு இரவு அம்மாவின்ர பழைய கால் மெசினிலதான் பாவாடை முடிஞ்சுது. அம்மா ஒண்டும் சொல்லேல்ல. அவ சொல்லாமல் இருந்ததுதான் கூடச் சுட்டது.

பேந்து ஒவ்வொண்டா நோண்டிப் பார்க்கத்தான் விளங்கிச்சுது, முக்கால்வாசிப் பிழை என்னில, மிச்சம்தான் மெசினில. இதே கதையோட இப்ப அயலுக்கை நாலைஞ்சு பேர் வந்திட்டினம், அதால நான் செய்யிற ஒழுங்கிலயே எழுதுறன். காசு செலவு குறைஞ்சதில தொடங்கி மேல போங்கோ, தலைகீழாப் போகாதேங்கோ. ஸ்குறூ ரைவரை எடுத்து ஒளிச்சு வைச்சிட்டுத் தொடங்கினால் இன்னும் நல்லம்.

முதலாவது ஊசி. புது மெசினில வந்த ஊசிதானே எண்டு விடாதேங்கோ, மாத்துங்கோ. வீட்டு மெசினுக்கான ஊசி ஒரு பக்கம் தட்டையா இருக்கும், பக்கெற்றில 130/705 எச் எண்டு போட்டிருக்கும். பெரியகடைப் பக்கம் சில கடையில கேட்டால் ஃபக்டரி மெசினுக்குப் போடுற, முழுக்க உருண்டையான ஊசியையும் தூக்கித் தந்திடுவினம், அது எங்கட மெசினுக்குச் சரிவராது, தையல் விட்டு விட்டுத்தான் விழும். கன மெசினில தட்டைப்பக்கம் பின்னுக்குப் பார்க்கும், உங்கடதுக்கு எப்பிடி எண்டு புத்தகத்தில பாருங்கோ. ஊசியை மேல முட்டுற வரைக்கும் தள்ளிப்போட்டு இறுக்கவேணும், ஒரு மில்லிமீற்றர் இறங்கி நிண்டாலே கீழ இருக்கிற கொக்கி நூலைப் பிடிக்காது. நம்பர் எண்டால் 75/11 பட்டுக்கும் மெல்லிய சாறி பிளவுஸ் துணிக்கும், 90/14 பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கும் சாதாரண பருத்திக்கும், 100/16 ஜீன்ஸுக்கு. அந்த 90 எண்டுறது ஊசியின்ர தடிப்பு 0.9 மில்லிமீற்றர் எண்டதுதான், வேற மந்திரம் ஒண்டும் இல்லை. ரீசேர்ட் மாதிரி இழுபடுற துணிக்கு முனை மழுங்கின ஜேர்சி ஊசி வேணும், நான் அது தெரியாமல் ரெண்டு கிழமை மெசினுக்குப் பேசினனான். எட்டு மணித்தியாலம் தைச்சால் ஊசி முடிஞ்சுது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. முறியும்வரைக்கும் ஒரே ஊசியிலதான் எங்கட வீடுகளில ஓடுறது, அது பழைய இரும்பு மெசினுக்குப் பொறுக்கும், இதுக்குப் பொறுக்காது.

ரெண்டாவது நூல் கோக்கிறது. இதிலதான் என்ர மானம் போனது. நூல் கோக்கேக்கை, துணியை அமத்திப் பிடிக்கிற ஃபுட் மேல தூக்கி இருக்கவேணும். ஃபுட் கீழ இருந்தால் உள்ளுக்கை நூலை இறுக்கிப் பிடிக்கிற ரென்சன் தட்டு ரெண்டும் ஒட்டிப்போய் இருக்கும், நூல் அதுக்கிடையில இறங்காமல் மேலாலயே போகும், பிறகு மேல் நூலுக்குப் பிடியே இல்லை, அது அவ்வளவும் கீழ போய்க் குவியும். கீழ குருவிக்கூடு கட்டினால் எல்லாரும் கீழ் நூல் சுத்தின பொபினைத்தான் நோண்டுவினம், ஆனால் பிழை மேல் நூலிலதான் கூட. முழுக்கக் கழட்டி, ஃபுட்டைத் தூக்கி, திருப்பிக் கோத்துப்போட்டு, ஃபுட்டை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கோ. இறக்கினவுடன நூல் இறுகவேணும். இறுகேல்ல எண்டால் இன்னும் தட்டுக்குள்ள போகேல்ல. தொடங்கேக்கை நூல் ரெண்டையும் பின்னுக்கு ஒரு நாலு அங்குலம் இழுத்து, முதல் ரெண்டு மூண்டு தையலுக்குக் கையால பிடிச்சுக்கொள்ளுங்கோ, துணி உள்ளுக்கை போறது பாதி அதிலயே நிண்டிடும்.

நூலையும் சந்தேகப்படுங்கோ. கடைக் கண்ணாடிக்குள்ள வெயிலில கிடந்த கட்டையை வாங்கி வந்து மெசின் நூல் அறுக்குது எண்டு சொல்லக்கூடாது. ஒரு முழம் எடுத்து வெடுக்கெண்டு இழுங்கோ, சும்மா அறுந்தால் அந்த நூல் சட்டைக்குப் போட்டாலும் நிக்காது. கோன் நூல் மலிவு எண்டு அதை மெசினுக்கு மேல செருகினால் பாரத்தில இழுபடும், அதை மெசினுக்குப் பின்னால ஒரு ஜாம் போத்தலுக்குள்ள வைச்சு மேலால விடுங்கோ. பொபினும் அப்பிடித்தான், பார்த்தால் எல்லாம் ஒண்டு போல இருக்கும் ஆனால் உயரம் கொஞ்சம் வித்தியாசம், பிளாஸ்ரிக் பொபினோட வந்த மெசினுக்கு இரும்புப் பொபின் போட்டால் சிலதில ரென்சன் குழம்பும். மெசினோட வந்த ஒண்டை கையில கொண்டுபோய் வைச்சுப் பார்த்து வாங்குங்கோ.

இப்ப சோதினை. இரண்டு மடிப்பு வெள்ளைத் துணி எடுங்கோ, மேலுக்குச் சிவப்பு நூல், பொபினுக்கு நீலம். மேல் ரென்சனை நடுவில, கன மெசினில நாலில, வைச்சு ஒரு கோடு அடிங்கோ. சிவப்பு கீழ்ப்பக்கம் புள்ளி புள்ளியாத் தெரிஞ்சால் மேல் ரென்சன் இளக்கம், கூட்டுங்கோ. நீலம் மேல தெரிஞ்சால் இறுக்கம், குறையுங்கோ. ரெண்டும் துணிக்கு நடுவில முடிஞ்சால் மெசின் நல்ல மெசின், பிரச்சினை வேற எங்கயோ. பொபின் போடுற கேஸில இருக்கிற சின்ன ஸ்குறூவைக் கடைசி வரைக்கும் தொடாதேங்கோ. தொட்டே ஆகவேணும் எண்டால் முதல் ஃபோனில ஒரு படம் எடுத்து வைச்சிட்டு கால் சுற்றுக்கு மேல திருகாதேங்கோ. கேஸைக் கழட்டி எடுக்கிற மெசின் எண்டால் நூலில தொங்கவிட்டு மெல்ல உதறிப் பாருங்கோ, கொஞ்சம் கொஞ்சமா இறங்கினால் சரி, கடகடவெண்டு நிலத்துக்கு வந்தால் இளக்கம், அசையவே இல்லையெண்டால் இறுக்கம்.

எண்ணெய் விசயம் தனியாச் சொல்லவேணும். தேங்காய் எண்ணெய் விடாதேங்கோ, தயவு செய்து. அது காய்ஞ்சு பசை மாதிரி ஒட்டி, பேந்து சக்கரமே சுத்தாது. பழைய இரும்பு மெசின் இறுகினால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி எடுக்கிறது எங்கட ஆக்களின்ர வழமை, அது அதுக்குச் சரி, பிளாஸ்ரிக் பல்லுச் சக்கரம் உள்ள புது மெசினுக்கு அந்த வைத்தியம் வேண்டாம். தண்ணி போலத் தெளிஞ்ச மெசின் எண்ணெய் மட்டும், அதுவும் புத்தகத்தில விடச் சொன்ன இடத்தில மட்டும். கன கம்பியூட்டர் மெசினுக்கு நாங்கள் எண்ணெய் விடவே தேவையில்லை. ஊசிக்குக் கீழ இருக்கிற தகட்டைக் கழட்டி தூசியை பிரஷால எடுங்கோ, வாயால ஊதாதேங்கோ, ஈரம் போகும், தூசியும் இன்னும் உள்ளுக்கைதான் போகும். ஃபிளானல் தைச்ச பிறகு நான் திறந்து பார்த்தால் பூனைக்குட்டி படுத்த இடம் மாதிரி இருந்தது.

வெளிநாட்டு மெசினுக்கு இன்னொரு சிக்கல். கனடாவில இருந்து சித்தி ஆசையா கப்பலில பெட்டி அனுப்புவா, அதுக்குள்ள மெசின், இஞ்ச ஆக்கள் சந்தோசத்தில பிளக்கை மட்டும் மாத்திச் செருகிவிடுவினம், டப் எண்டு ஒரு சத்தம், கதை முடிஞ்சுது. கனடா, அமெரிக்காவில கறண்ட் 120 வோல்ற், யப்பானில 100, எங்கட 230. மெசினுக்குப் பின்னால இல்லாட்டில் அடியில ஒட்டியிருக்கிறதைப் பாருங்கோ, 100–240 எண்டு இருந்தால் பயமில்லை, வெறும் 120 எண்டால் வோல்ற்றைக் குறைச்சுத் தாற ஸ்ரெப் டவுன் ட்றான்ஸ்போமர் கட்டாயம், அதின்ர வாற்ஸ் மெசினில போட்டிருக்கிறதைவிடக் கூட இருக்கவேணும். கால் பெடலுக்கும் தனி வோல்ற் இருக்கு, அதால பெடல் பழுதாப்போய் இஞ்ச வேற ஒண்டு வாங்கினால் அதையும் பாருங்கோ. லண்டன், சுவிஸ், ஜேர்மனியில இருந்து வந்ததுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, பிளக் மட்டும்தான். ஐப்பசி கார்த்திகை இடிமின்னலுக்கு எந்த நாட்டு மெசின் எண்டாலும் வயரைச் சுவரில இருந்து கழட்டி விடுங்கோ, சுவிச் நிப்பாட்டினால் காணும் எண்டு இருக்கிறேல்ல.

இவ்வளவும் செய்தும் சரிவரேல்ல எண்டால் துணியைப் பாருங்கோ. ஜீன்ஸ் கரையில தையல் கூடுற மொத்தத்தில மெசின் ஏறாமல் நிண்டு உறுமும். அந்த இடத்தைச் சுத்தியலால, எங்கட வீட்டில அம்மிக்குழவியால, நல்லாத் தட்டித் தட்டையாக்கி, ஃபுட்டுக்குப் பின்னால அதே மொத்தத்துக்கு மடிச்ச துணித்துண்டு வைச்சு ஃபுட்டை மட்டமாக்கி, பெடலை விட்டிட்டுச் சக்கரத்தைக் கையால உங்கட பக்கமாச் சுத்தி ஏத்துங்கோ. மெல்லிய பட்டு வழுக்கினால் கீழ ரிசு பேப்பர் வைச்சுத் தைச்சுப்போட்டுக் கிழிச்சு எடுங்கோ. மகளின்ர பட்டுப்பாவாடைக்கு இதுவும் நூலைச் சரியாக் கோக்கிறதும்தான் மருந்து.

உண்மையாவே மெசின் பிழை எண்டால் எப்பிடித் தெரியும்? புது ஊசி, நல்ல நூல், சரியாக் கோத்தும் நேர்த்தையல் விட்டு விட்டு விழுறது, ஊசி எதிலயோ முட்டுற சத்தம், எரிஞ்ச மணம், திரையில திருப்பித் திருப்பி ஒரே பிழை நம்பர். ஊசியும் கொக்கியும் சந்திக்கிற நேரம் குழம்பினால் அது வீட்டில பார்க்கிற வேலை இல்லை. திறக்காதேங்கோ, நீங்கள் திறந்தால் கடைக்காரர் அதையே சாட்டாச் சொல்லுவினம். அந்தச் சிவப்பு நீலத் துண்டையும், சத்தத்தோட ஒரு வீடியோவையும், பில்லையும் வறண்டி காட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கோ. நான் போகேக்கை வெறுங்கையோட போய் "சரியாத் தைக்குதில்ல" எண்டு சொல்ல, அவர் தன்ர விறைச்ச துணியில வடிவாத் தைச்சுக் காட்டி அனுப்பிவிட்டவர். ரெண்டாம் தரம் என்ர துணியோட போய் அவரையே தைக்கச் சொன்னனான், அதிலதான் நேர்த்தையல் விட்டது, அப்பதான் முகம் மாறிச்சுது. மெசினைக் குடுத்தால் திகதி போட்ட துண்டு வாங்குங்கோ, பேசினதை வாட்சப்பிலயும் ஒருக்கா எழுதி அனுப்புங்கோ. இழுத்தடிச்சால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்டு ஃபோன் எடுக்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில போகவேணும், வாங்கின நாளில இருந்து மூண்டு மாசத்துக்குள்ள, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில அப்பிடித்தான் இருக்கு. அதால "அடுத்த கிழமை வாங்கோ அக்கா" எண்டதை நம்பி நாளை விடாதேங்கோ. தவணைக்கு எடுத்த ஆக்கள் கோவத்தில தவணையை நிப்பாட்டாதேங்கோ, பிறகு பிழை உங்கட பக்கம் திரும்பிடும்.

சில நேரம் மெசினும் நல்லம், நீங்களும் நல்லம், ஆனால் ரெண்டு பேருக்கும் பொருத்தம் இல்லை. உந்த இருநூறு டிசைனுக்குக் குடுத்த காசு மொட்டரின்ர பலத்துக்குக் குடுத்தது இல்லை எண்டது எனக்குப் பிந்தித்தான் விளங்கினது. ஒரு மாசம் என்னென்ன தையல் பாவிக்கிறீங்கள் எண்டு எழுதிப் பாருங்கோ. என்ர கணக்கில நேர்த்தையல், சிக்சாக், தெறி ஓட்டை, அவ்வளவுதான். தாரா ஒருநாளும் தைக்கேல்ல. வாரத்தில பத்துச் சட்டை தைக்கிற ஆக்கள் எண்டால் பெட்டியும் பில்லும் இருக்கேக்கையே வித்துப்போட்டு நேர்த்தையல் மட்டும் அடிக்கிற பலமான ஒண்டுக்கு மாறுங்கோ, நட்டம் வரும்தான், ஆனால் அலுமாரிக்கு மேல கிடந்தால் முழுக்க நட்டம். அடுத்தது வாங்கப் போகேக்கை பையுக்குள்ள உங்கட துணியைக் கொண்டு போங்கோ, ஜீன்ஸ் நாலு மடிப்பு, பட்டு ஒரு துண்டு, பழைய ரீசேர்ட். கடைக்காரற்ற துணியில எல்லா மெசினும் நல்லாத்தான் தைக்கும்.

நான் விக்கேல்ல. கடை திருத்தித் தந்த பிறகு இப்ப நேர்த்தையல் முழுக்கக் கால் மெசினில, 90களில கறண்டே இல்லாமல் குப்பிவிளக்கில அம்மா ஊருக்கே தைச்ச அதே மெசின், தோல்வார் மட்டும் புதுசு. கம்பியூட்டர் மெசின் தெறி ஓட்டைக்கும், மகளின்ர பஞ்சாபிக்கு ஓரம் சிக்சாக் அடிக்கவும். போன கிழமை அம்மா வந்து பக்கத்தில நிண்டு அது தன்பாட்டில ஒரு தெறி ஓட்டை அடிச்சு முடிக்கிறதைப் பார்த்திட்டு, "என்ர மேல்சட்டைக்கும் ஆறு அடிச்சு விடு" எண்டு சட்டையைக் கழட்டிக்கொண்டு வர உள்ளுக்கை போட்டா.