புது ஜிம்முக்குக் கணக்கு எழுதுவது எப்படி? சந்தாவும் சலுகையும்

ஜிம் ஜூன் 1 அன்று திறக்கிறது. மார்ச்சிலேயே 100 பேர் ஆளுக்கு 12,000 கட்டி ஒரு வருடச் சந்தாவில் சேர்ந்துவிட்டார்கள். வங்கியில் 12 லட்சம் இருக்கிறது. மார்ச் மாத வருமானம் எவ்வளவு? பூஜ்யம். புதிதாகக் கணக்கு எழுதுபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

படி 1: வந்த பணத்தைப் பொறுப்பாக (லயபிலிட்டி, அதாவது தர வேண்டிய பாக்கியாக) எழுதுங்கள்

ஒவ்வொரு உறுப்பினருக்கும்: வங்கிக் கணக்கு பற்று (டெபிட்) 12,000. முன்கூட்டிப் பெற்ற சந்தா வரவு (கிரெடிட்) 12,000. இரண்டாவது கணக்கு இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்) பொறுப்புகள் பக்கம் உட்காரும். உறுப்பினருக்கு நீங்கள் இன்னும் 12 மாதச் சேவை பாக்கி வைத்திருக்கிறீர்கள், அதனால்தான். பணத்தோடு விற்பனை வரியும் வசூலித்திருந்தால் அதைத் தனிக் கணக்கில் வையுங்கள். அது உங்கள் பணமே அல்ல.

படி 2: மாதக் கடைசியில் வருமானத்துக்கு மாற்றுங்கள்

ஜூன் 30 அன்று ஒவ்வொருவருக்கும் 1,000: முன்கூட்டிப் பெற்ற சந்தா பற்று, சந்தா வருமானம் வரவு. 100 பேருக்கு 1 லட்சம். மீதி 11 லட்சம் பொறுப்பாகவே நிற்கும். உறுப்பினர் ஒரு நாள்கூட வரவில்லை என்றாலும் இதே பதிவுதான், ஏனென்றால் அவருக்காகக் கதவு திறந்திருந்தது. ஜூன் 16 அன்று சேர்ந்தவருக்கு நாள் கணக்கு: 12,000-ஐ 365-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் சுமார் 493.

படி 3: சேர்க்கைக் கட்டணம்

'திருப்பித் தர மாட்டோம்' என்று ரசீதில் அச்சடித்திருப்பதால் சேர்ந்த அன்றே முழுவதையும் வருமானமாக எழுதுவோர் பலர். அது தவறு. வருமானத்தை எப்போது எழுதுவது என்று சொல்லும் சர்வதேசக் கணக்கியல் தரநிலையான, 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐஎஃப்ஆர்எஸ் 15, இதற்கு உதாரணமாக ஜிம் சேர்க்கைக் கட்டணத்தையே சொல்கிறது. பெயர் பதிந்து அட்டை கொடுப்பது தனிச் சேவை அல்ல. அந்தத் தொகையும் சந்தாவோடு சேர்ந்து பரவ வேண்டும். புதுப்பிக்கும்போது இந்தக் கட்டணம் கிடையாது, அதுவே உறுப்பினருக்குக் கணிசமான லாபம் என்றால், ஒரு வருடத்தைத் தாண்டியும் பரப்ப வேண்டிவரும்.

படி 4: சலுகைகள்

இங்கே அவசரப்படாதீர்கள். எளிதானது நேரடித் தள்ளுபடி: 12,000 சந்தாவை 9,000-க்குக் கொடுத்தால் வருமானம் 9,000-தான். 12,000 வருமானம், 3,000 விளம்பரச் செலவு என்று எழுதினால் இரண்டு பக்கமும் வீங்கிவிடும்.

'12 மாதம் கட்டினால் 2 மாதம் இலவசம்' என்றால் 12,000-ஐ 14-ஆல் வகுங்கள்; மாதம் 857 சொச்சம். அந்த 2 மாதமும் நீங்கள் ஜிம்மைத் திறந்து வைத்துத்தான் ஆக வேண்டும், அப்புறம் அது எப்படி இலவசம்?

'சந்தாவோடு 5 தனிப்பயிற்சி வகுப்பு இலவசம்' என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். தனியாக விற்றால் சந்தா 12,000, வகுப்பு ஒன்று 600. மொத்த மதிப்பு 15,000, கைக்கு வந்ததோ 12,000. அதே விகிதத்தில் பிரித்தால் சந்தாவுக்கு 9,600, வகுப்புகளுக்கு 2,400. சந்தா மாதம் 800 வீதம் வருமானமாகும். வகுப்பு நடந்த அன்று, நடந்த ஒவ்வொன்றுக்கும் 480. எத்தனை வகுப்பு முடிந்தது என்று பயிற்சியாளரிடம் கையெழுத்தோடு ஒரு நோட்டு இருக்கட்டும். அது இல்லாமல் இந்தக் கணக்கை எழுதவே முடியாது.

ஒரு வார இலவசச் சோதனைக்கு, ஆள் சேரும்வரை வருமானப் பதிவே வேண்டாம்.

படி 5: சரிபார்ப்பு

எக்செல்லில் உறுப்பினருக்கு ஒரு வரி: தொடக்க நாள், முடிவு நாள், கட்டியது, இதுவரை வருமானமானது, மீதி. சரி, மீதிப் பத்தியின் கூட்டுத்தொகை பேரேட்டில் உள்ள பொறுப்போடு பைசா சுத்தமாகப் பொருந்துகிறதா? பொருந்தவில்லை என்றால், சந்தாவை இடையில் நிறுத்தி வைத்தவர்களையும் பணம் திரும்ப வாங்கியவர்களையும் முதலில் தேடுங்கள். நிறுத்தி வைத்த மாதத்துக்கு வருமானம் எழுதக் கூடாது; முடிவு நாளைத் தள்ளிப் போட வேண்டும்.