இடது கை சும்மா இருந்தால் மவுஸ் வேலை ஓடாது

இதைப் படிக்கும்போது உங்கள் இடது கை எங்கே இருக்கிறது? தாடைக்கு முட்டுக்கொடுத்தோ டீ டம்ளரைப் பிடித்தோ இருந்தால், இது உங்களுக்குத்தான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது பழக்கதோஷம், நோட்டெல்லாம் போய் இப்போது எக்செல்தான்: எந்தப் பட்டறைக்கு எத்தனை கிராம் வெள்ளி போனது, எத்தனை ஜோடி திரும்பி வந்தது, டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, கூலி எவ்வளவு. போன மாதம் உதவிக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். டைப்பிங் முடித்தவள், விரல் பறக்கும். ஆனால் மவுஸைத் தொட்டதும் இடது கை மடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் வலது கை மட்டும் ஒற்றை மாடு கட்டிய வண்டி மாதிரி திணறும். "அண்ணா, இந்த மவுஸ் மக்கர் பண்ணுதுண்ணா" என்றாள். மவுஸில் கோளாறு இல்லை. அவளுக்கு நான் காட்டிக்கொடுத்ததை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். எல்லாம் விண்டோஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்வது.

முதலில் மேஜை

எங்கள் மேஜையில் கண்ணாடி போட்டிருக்கும், அதற்கடியில் முருகன் படம், நாலைந்து விசிட்டிங் கார்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆப்டிகல் மவுஸ் கீழே வெளிச்சம் அடித்து, பரப்பில் உள்ள நுணுக்கமான சொரசொரப்பை விடாமல் படமெடுத்து, அது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்த்துத்தான் அம்பை நகர்த்துகிறது. கண்ணாடியில் அதற்குப் பிடிமானமாக ஒன்றும் கிடைப்பதில்லை, அம்பு குதிக்கும். மவுஸ் பேட் வாங்கும்வரை போன வருஷத்து தினசரி காலண்டர் அட்டையைத் திருப்பிப் போடுங்கள். பளபளப்பாக சாமி படம் இருக்கும் பக்கம் வேண்டாம், பின்பக்கம். மவுஸையும் கவிழ்த்துப் பார்த்து, லென்ஸ் குழியில் முடியோ தூசியோ இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

மவுஸ் கீபோர்டை ஒட்டி இருக்கட்டும், முன்கை மேஜையில் படியட்டும். மணிக்கட்டை மட்டும் ஊன்றித் திருகினால் சாயங்காலம் அது பேச ஆரம்பித்துவிடும்.

அடுத்தது வேகம்

ஸ்டார்ட் பட்டனை அமுக்கி ஆங்கிலத்தில் மவுஸ் என்று தட்டுங்கள், மவுஸ் செட்டிங்ஸ் வரும். அங்கே பாயிண்டர் ஸ்பீடு என்று ஒரு கோடு இருக்கும். எவ்வளவு வைப்பது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. அம்பைத் திரையின் இடது ஓரத்தில் வைத்து, மவுஸைத் தூக்காமல் ஒரே இழுப்பில் வலது ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். நடுவில் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருந்தால் வேகம் போதவில்லை. அடுத்து, ஏதாவது ஜன்னலின் மூலையில் இருக்கும் சின்னப் பெருக்கல் குறிமேல் போய் நில்லுங்கள். தாண்டித் தாண்டிப் போகிறதென்றால் ஒரு படி குறையுங்கள். கணக்கும் இதற்கு ஒத்துவரும்: 1000 டிபிஐ மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தால் 1000 எண்ணிக்கை அனுப்பும், ஆகவே வேகம் நடுவில் இருந்தால் 1920 புள்ளி அகலமான திரையைக் கடக்க இரண்டு அங்குலத்துக்கும் குறைவான இழுப்பே போதும்.

கூடுதல் மவுஸ் செட்டிங்ஸில் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்று ஒரு டிக் இருக்கும். அது கையின் வேகத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவில் ஓட்டுகிற மாதிரி மெதுவாக நகர்த்தினால் அம்பு அடங்கி நகரும், பைபாஸில் விடுகிற மாதிரி வீசினால் கை போன தூரத்தைவிட அதிகமாக ஓடிவிடும். கம்ப்யூட்டரில் கேம் ஆடும் பிள்ளைகள் இதை எடுத்துவிடச் சொல்வார்கள். ஆபீஸ் வேலைக்கு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நேற்று ஒன்று இன்று ஒன்று என்று மாற்றாதீர்கள், கை குழம்பிவிடும்.

டபுள் கிளிக் கைவராத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அதே இடத்தில் டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்துக் கொடுங்கள். அதுவும் முடியாதென்றால் ஒருமுறை கிளிக் செய்து என்டர் தட்டினால் ஃபைல் திறந்துகொள்ளும்.

இப்போது இடது கை

மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968ல் சான் பிரான்சிஸ்கோவில் அதை முதன்முதலாகப் பெரிய சபையில் இயக்கிக் காட்டியபோது அவருடைய வலது கையில்தான் மவுஸ் இருந்தது, இடது கையில் ஐந்து விசை கொண்ட இன்னொரு சின்னக் கருவி. இரண்டு கைக்கும் வேலை என்று நினைத்துச் செய்த பொருளை நாம்தான் ஒற்றைக் கைக்குப் பழக்கிக்கொண்டோம். அந்த ஐந்து விசை போய்விட்டது, ஆனால் உங்கள் கீபோர்டின் இடது மூலையில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றும் இருக்கின்றன, பக்கத்திலேயே இசட், எக்ஸ், சி, வி. அதாவது செய்ததைத் திரும்பப் பெற, வெட்ட, நகலெடுக்க, ஒட்ட எல்லாமே இடது கைக்கு எட்டும் இடத்தில். எதையாவது மவுஸால் தேர்வு செய்துவிட்டு, ரைட் கிளிக், அப்புறம் காப்பி என்று அலைவதை இன்றோடு விட்டுவிடுங்கள்: வலது கை தேர்வு செய்யட்டும், இடது கை கண்ட்ரோல் சி போடட்டும்.

சுண்டுவிரலைக் கண்ட்ரோல்மேல் வைத்தபடி இவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். பிரவுசரில் ஒரு லிங்க்கைக் கண்ட்ரோலோடு கிளிக் செய்தால் புது டேபில் திறக்கும், படித்துக்கொண்டிருந்த பக்கம் அப்படியே நிற்கும். கண்ட்ரோலோடு சக்கரத்தை உருட்டினால் எழுத்து பெரிதாகும், சிறிதாகும். வேர்டில் கண்ட்ரோலோடு கிளிக் செய்தால் அந்த வாக்கியம் முழுவதும் தேர்வாகும் (சும்மா இரண்டு கிளிக் என்றால் ஒரு சொல், மூன்று கிளிக் என்றால் பத்தி). நீளமான பகுதி வேண்டுமென்றால் இழுத்துக்கொண்டே போகவேண்டாம். தொடக்கத்தில் ஒரு கிளிக், முடிவுக்குப் போய் ஷிஃப்டோடு ஒரு கிளிக், நடுவில் இருப்பதெல்லாம் மாட்டிக்கொள்ளும். ஃபைல் பட்டியலிலும் இதே ஷிஃப்ட் வேலை செய்யும்.

ஃபைல்களில் மட்டும் ஒரு எச்சரிக்கை. கண்ட்ரோலை அமுக்கி ஒவ்வொன்றாகத் தேர்வு செய்யும்போது கை நடுங்கி மவுஸ் கொஞ்சம் இழுபட்டாலும், தேர்வு செய்த அத்தனை ஃபைலுக்கும் அங்கேயே நகல் முளைத்துவிடும். பதறாமல் கண்ட்ரோல் இசட் போடுங்கள்.

சக்கரம் ஒரு பட்டனும்கூட

அதை அமுக்கினால் கிளிக் ஆகும் என்பதே பலருக்குத் தெரியாது. லிங்க்கின்மேல் அமுக்கினால் புது டேப், டேபின்மேல் அமுக்கினால் டேப் மூடிக்கொள்ளும். நீளமான பக்கத்தில் வெற்றிடத்தில் அமுக்கிவிட்டு மவுஸைக் கொஞ்சம் கீழே நகர்த்தினால் பக்கம் தானாக ஓடும்.

எக்செலில்

எங்கள் பிழைப்பே இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் வரியில் கூலிக் கணக்குக்கு ஃபார்முலா போட்டுவிட்டீர்கள், கீழே 400 வரி இருக்கிறது. அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுக்காதீர்கள், அதன்மேல் டபுள் கிளிக் செய்யுங்கள். பக்கத்தில் விவரம் இருக்கும்வரை தானே நிரம்பும். நடுவில் ஒரு வரி முழுக்கக் காலியாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காலத்தின் (மேலிருந்து கீழே போகும் நெடுவரிசை) தலைப்பில் இரண்டு எழுத்துக்கு நடுவே உள்ள கோட்டில் டபுள் கிளிக் செய்தால் அகலம் சரியாகும். ஒரு கட்டத்தைத் தேர்வு செய்து அதன் கீழ் விளிம்பில் டபுள் கிளிக் செய்தால் நடுவில் காலிக் கட்டம் இல்லாதவரை அந்தக் காலத்தின் கடைசி வரிக்கு ஒரே தாவல். அந்தப் பெண் உருட்டி உருட்டி இறங்கிக்கொண்டிருந்தது இதற்காகத்தான்.

இனி நான் அடிபட்டுக் கற்றது. வெள்ளி ரேட்டை ஒரு கட்டத்தில் வைத்து, தொகை எல்லாம் அதைப் பார்த்துக் கணக்காகும்படி போட்டிருந்தேன். மறுநாள் காலையில் புது ரேட்டை அடித்ததும் முதல்நாள் கொடுத்து முடித்த தொகைகளும் சேர்ந்து மாறிவிட்டன. ஒரு பகல் முழுக்கத் துண்டுச்சீட்டுகளோடு உட்கார்ந்து சரிபார்த்தேன். இப்போது நாள் முடிவில் இதைச் செய்கிறேன்: அன்றைய தொகைக் கட்டங்களைத் தேர்வு செய்வேன். விளிம்பில் அம்பு நான்கு முனையாக மாறும், அங்கே வலது பட்டனை அமுக்கிப் பிடித்து, பக்கத்துக் காலத்துக்கு இழுத்து, விடாமல் பழைய இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விடுவேன். ஒரு பட்டியல் வரும். அதில் 'காப்பி ஹியர் ஆஸ் வேல்யூஸ் ஒன்லி'. ஃபார்முலா போய் வெறும் எண் நிற்கும், நாளைக்கு ரேட் ஏறினாலும் இறங்கினாலும் அசையாது.

இந்த வலது பட்டன் இழுப்பு ஃபோல்டர்களிலும் நல்லது. சும்மா இழுத்தால் ஒரே டிரைவுக்குள் ஃபைல் இடம் மாறும், பென் டிரைவுக்கு இழுத்தால் நகலாகும், இது புரியாமல் பாதிப் பேர் ஃபைலைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள். வலது பட்டனால் இழுத்து விட்டால் நகலா, இடமாற்றமா என்று அதுவே கேட்கும்.

மவுஸே கெட்டிருந்தால்

ஒருமுறை கிளிக் செய்தால் இரண்டுமுறை செய்தமாதிரி ஃபோல்டர் திறக்கிறதா, இழுத்துக்கொண்டிருக்கும்போதே நழுவுகிறதா? உள்ளே இருக்கும் சுவிட்ச் தேய்ந்திருக்கலாம். வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள், அங்கேயும் அப்படியே என்றால் செட்டிங்ஸில் மல்லுக்கட்டாமல் புது மவுஸ் வாங்கிவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு முதல் வாரம் கண்ட்ரோல் சியும் வியும் மட்டும்தான் கொடுத்தேன், இரண்டாம் வாரம் ஷிஃப்ட் கிளிக். வலது பட்டன் இழுப்பை இன்னும் கொடுக்கவில்லை. இப்போது டீயை அவள் வலது பக்கம் வைத்துக்கொள்கிறாள்.