சிறைப் புள்ளிவிவரத்தைப் படிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

இந்தியாவில் எந்தக் குற்றத்துக்காக எத்தனை பேர் தண்டனை அனுபவிக்கிறார்கள்? பதில் இலவசமாகவே கிடைக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1995 முதல் ஆண்டுதோறும் சிறைப் புள்ளிவிவர அறிக்கை வெளியிட்டு வருகிறது. அதைத் தப்பாகப் படிப்பதுதான் ரொம்பச் சுலபம். எக்செல்லில் கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

படி 1: அடிக்குறிப்பிலிருந்து தொடங்குங்கள்

காப்பகத்தின் இணையதளத்தில் 2022 அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். எண்ணைத் தொடும் முன் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். உதாரணமாக, 2019 அறிக்கையில் மேற்கு வங்கத்துக்கு 2017ஆம் ஆண்டின் எண்களையே போட்டிருக்கிறார்கள். அந்த மாநிலம் உரிய நேரத்தில் கணக்குத் தரவில்லை. அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

படி 2: கைதிகளை வகை பிரியுங்கள்

2022 டிசம்பர் 31 அன்று சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். புதிய தாளில் இப்படி உள்ளிடுங்கள்:

விசாரணைக் கைதிகள்: 4,34,302
தண்டனைக் கைதிகள்: 1,33,415
தடுப்புக் காவல் கைதிகள் (விசாரணையின்றி முன்னெச்சரிக்கையாக அடைக்கப்பட்டவர்கள்): 4,324
மற்றவர்கள்: 1,179

கூட்டினால் மொத்தம் சரியாக வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ ஓர் எண்ணை மாற்றித் தட்டியிருக்கிறீர்கள். பிறகு ஒவ்வொன்றையும் மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். தண்டனைக் கைதிகள் 23.3 சதவீதம்தான், விசாரணைக் கைதிகள் 75.8 சதவீதம். ஆகவே ‘சிறையில் இருக்கும் குற்றவாளிகள் ஐந்தே முக்கால் லட்சம்’ என்று யாராவது எழுதினால் அது பிழை. நான்கில் மூன்று பேர் மீது தீர்ப்பே வரவில்லை. (தடுப்புக் காவல் வரிசையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. குண்டர் சட்டத்தை நாம் எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறோம் என்பது அங்கே தெரியும்.)

படி 3: குற்ற அட்டவணை

இங்கேதான் நிதானம் வேண்டும். தண்டனைக் கைதிகளைக் குற்றவாரியாகப் பிரித்த அட்டவணையில் இந்திய தண்டனைச் சட்டக் குற்றங்கள் ஒரு பக்கம், சிறப்பு மற்றும் உள்ளூர்ச் சட்டங்கள் இன்னொரு பக்கம். முதல் பகுதியில் கொலைதான் முதலிடம். இரண்டாம் பகுதியில் போதைப்பொருள் வழக்குகள் மேலே நிற்கும்.

அப்படியானால் நாட்டில் அதிகம் நடக்கும் குற்றம் கொலையா? இல்லவே இல்லை. இந்த அட்டவணை ஒரே ஒரு நாளில் உள்ளே இருப்பவர்களின் தலைக்கணக்கு. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 100 பேர் கொலை வழக்கில் உள்ளே போய் ஆளுக்கு 14 ஆண்டு இருக்கிறார்கள். 1,000 பேர் திருட்டில் போய் ஆளுக்கு மூன்று மாதம் இருக்கிறார்கள். எக்செல்லில் பேர்களை ஆண்டுகளால் பெருக்குங்கள்: 100 பெருக்கல் 14, விடை 1,400. அடுத்து 1,000 பெருக்கல் கால், விடை 250. உள்ளே போனவர்களில் திருடர்கள் பத்து மடங்கு. ஆனால் எண்ணும் நாளில் இருப்பவர்களில் கொலைக் கைதிகள் ஐந்து மடங்குக்கும் மேல். ஆயுள் தண்டனை பெற்றவர்கள் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகிறார்கள், அவ்வளவுதான்.

நடந்த குற்றங்களைத் தெரிந்துகொள்ள அதே காப்பகத்தின் ‘இந்தியாவில் குற்றங்கள்’ அறிக்கை தனியாக இருக்கிறது. அதிலும் ஒரு வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையானது ஒன்றை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். இரண்டு அறிக்கைகளையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் குழப்பாதீர்கள்.

படி 4: ஆண்டுகளை ஒப்பிடுதல்

தண்டனைக் கைதிகள் 2020இல் 1,12,589, 2021இல் 1,22,852, 2022இல் 1,33,415. வரைபடம் போட்டால் கோடு அழகாக ஏறும். ‘கிடுகிடு உயர்வு’ என்று தலைப்பு வைக்கக் கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள், 2019ஐயும் சேருங்கள். அப்போது சுமார் 1.44 லட்சம் பேர் இருந்தார்கள். 2020இல் கொரோனாவால் நீதிமன்றங்கள் முடங்கின. நெரிசலைக் குறைக்க உச்ச நீதிமன்றம் சொன்னபடி பலர் பரோலில் வெளியே விடப்பட்டார்கள். அந்தப் பள்ளத்திலிருந்து அளந்தால் எதுவும் உயரமாகத்தான் தெரியும்.

படி 5: வகுத்த பிறகே பேசுங்கள்

மொத்த எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசம் முதலில் வரும். மக்கள்தொகையிலும் அதுதான் முதல், ஆகவே அந்தத் தகவலால் பெரிய பயனில்லை. லட்சம் பேருக்கு எத்தனை என்று பாருங்கள். நாட்டின் மக்கள்தொகையை 140 கோடி என்று வைத்தால் லட்சத்துக்குச் சுமார் 41 கைதிகள். இட நெருக்கடி வேண்டுமென்றால் கொள்ளளவால் வகுக்க வேண்டும்: 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர், அதாவது 131.4 சதவீதம்.

படி 6: சட்டம் மாறியதைக் கவனியுங்கள்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடப்புக்கு வந்துவிட்டது. கொலைக்கான பிரிவு 302 இப்போது 103. திருட்டுக்கான 379 இப்போது 303. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், இரண்டு வகைக் கைதிகளும் பல ஆண்டுகள் ஒன்றாகவே இருப்பார்கள். உங்கள் தாளில் பழைய பிரிவு, புதிய பிரிவு, குற்றத்தின் பெயர் என்று மூன்று நெடுவரிசை போட்டு, பெயரை வைத்தே கூட்டுங்கள்.