பிஸ்டல் மேகசின்: முழுக்க நிரப்பலாமா, ஒன்று குறைக்கலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் பிஸ்டல் லைசென்ஸ் வைத்திருப்பவர்களிடம் ஒரு பேச்சு ஊறிப்போயிருக்கிறது: மேகசினை (தோட்டாக்களை அடுக்கிப் பிஸ்டலில் செருகும் பெட்டி) முழுக்க நிரப்பி வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும், எப்போதும் இரண்டு தோட்டா குறைத்தே போட வேண்டும். இது ராணுவ வழக்கத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் ஸ்டென் துப்பாக்கியின் மேகசின் 32 தோட்டா கொள்ளும். ஆனால் 28 அல்லது 30தான் போடுவார்கள். இரட்டை வரிசையாக வரும் தோட்டாக்கள் வாய்க்கு அருகே ஒற்றை வரிசையாகக் குறுகும் இடத்தில் உராய்ந்து சிக்கும் என்பதால் அந்தக் குறைப்பு. வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் 20 தோட்டா மேகசினில் 18 போட்டதும் இப்படிப்பட்ட முன்னெச்சரிக்கைதான். அந்த மேகசின்களுக்கு அது சரி. நம் ஊரில் லைசென்ஸில் கிடைக்கும் .32 பிஸ்டல்களில் பெரும்பாலானவை ஏழெட்டுத் தோட்டா கொள்ளும் ஒற்றை வரிசை மேகசின் கொண்டவை. அதே விதியை இங்கே கொண்டுவருவது முதல் தவறு.

ஸ்பிரிங்கைத் தேய்ப்பது பெரும்பாலும் அழுங்கி இருப்பதல்ல, அழுங்கி விரியும் எண்ணிக்கை. எஃகின் மீள் எல்லைக்குள் (விட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பும் அளவுக்குள்) அழுத்தி வைத்த நல்ல ஸ்பிரிங் மாதக்கணக்கில் அப்படியே இருந்தாலும் பெரிதாகத் தளராது. புது ஸ்பிரிங் முதல் சில நாட்களில் கொஞ்சம் குட்டையாகும், பிறகு நின்றுவிடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை தோட்டாவை எடுத்து ஸ்பிரிங்குக்கு “ஓய்வு” கொடுப்பவர்கள் அந்த எண்ணிக்கையைத்தான் கூட்டுகிறார்கள். விலக்கு ஒன்று உண்டு. முழுக்க நிரப்பியதும் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிவிடும் அளவுக்கு இடம் இறுக்கமான மேகசின் என்றால் எஃகு எல்லை தாண்டி அழுங்கும், சீக்கிரம் தளரும்.

உங்கள் மேகசின் எந்த வகை என்பதைக் கட்டைவிரலே சொல்லும். முழு எண்ணிக்கை நிரப்பியபின் மேல் தோட்டாவை அழுத்துங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே இறங்கினால் முழுக்க நிரப்பியே வைக்கலாம். கல் மாதிரி நின்றால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் சோதனை. ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதி) பின்னால் பூட்டியிருக்கும்போது எந்த மேகசினும் சுலபமாக உள்ளே போகும். ஸ்லைடு மூடியிருக்கும்போதுதான் மேல் தோட்டா ஸ்லைடின் அடியில் முட்டி, முழுத் தோட்டாக் கட்டும் இன்னும் சற்றுக் கீழே அழுங்க வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் மேகசின் பூட்டு விழாது. வெளியே பார்க்க மாட்டியதுபோலவே இருக்கும். சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) இருந்த ஒன்று வெடிக்கும், அடுத்தது ஏறாது, அல்லது மேகசினே கழன்று கீழே விழும். வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாக்களை நிரப்பி, மூடிய ஸ்லைடில் மாட்டி, உள்ளங்கையால் அடியில் ஒரு தட்டுத் தட்டி, பிறகு கீழே இழுத்துப் பாருங்கள். வராமல் நின்றால் சரி. குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றைத் திணிப்பவர்களுக்கு ஒரு சொல்: அது மேகசினின் வாய்விளிம்புகளை விரிக்கும். விரிந்த விளிம்பைக் குறடு கொண்டு நெருக்குவது அதைவிடக் கெடுதல். வேறு மேகசின் வாங்குவதே வழி.

.32 தோட்டாவில் வரக்கூடிய ஒரு சிக்கல் இருக்கிறது. தோட்டாவைக் குறைத்துப் போட்டாலும் அது தீராது, அதனால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதன் பித்தளைக் கூட்டின் அடிப்பகுதி விட்டம் சுமார் 8.5 மி.மீ, ரிம் எனப்படும் அடிவிளிம்பின் விட்டம் சுமார் 9.1 மி.மீ. அதாவது ரிம் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். மேல் தோட்டாவின் ரிம் எப்போதும் கீழ்த் தோட்டாவின் ரிம்முக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால், ஸ்லைடு முன்னே தள்ளும்போது மேலது கீழதையும் கொக்கி போட்டு இழுக்கும். பிஸ்டல் அப்படியே உறைந்துவிடும். இதை ரிம் லாக் என்பார்கள். ஸ்லைடை இழுத்து விட்டுச் சரிசெய்யும் சிக்கல் அல்ல இது.

நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவையும் மேகசினின் பின்சுவரில் படும்வரை தள்ளுங்கள். எல்லாம் நிரப்பியதும் பின்சுவரை உள்ளங்கையில் இரண்டு தடவை லேசாகத் தட்டுங்கள். தோட்டாவின் முழு நீளம் 25 மி.மீ அளவு; நுனி குழிந்த ரகங்கள் இதைவிடக் குட்டையாக இருக்கும். உள்ளே முன்பின் நகர இடம் கிடைப்பதால் அவற்றில் ரிம் லாக் அதிகம். உருண்டை நுனி உள்ளவையே இந்தத் துப்பாக்கிகளுக்குப் பொருத்தம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. சிக்கிவிட்டால் திருப்புளியால் நெம்பாதீர்கள், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதியான பிரைமரில் படலாம். அடித்தட்டு கழலும் மேகசின் என்றால் கீழ்வழியாக ஸ்பிரிங்கையும் தோட்டாக்களையும் எடுங்கள். கழலாதது என்றால் டீலரிடம் கொடுங்கள்.

நகைக்கடை, ரைஸ் மில் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. இரவில் சேம்பரில் இருக்கும் தோட்டாவை எடுத்து வைத்து, காலையில் அதே மேல் தோட்டாவையே மறுபடி சேம்பரில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் குண்டின் நுனி, தோட்டா சேம்பருக்குள் ஏறும் சரிவில் மோதி, கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கண்ணுக்குக் குட்டையாகத் தெரிந்தால் அதைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

டெல்டாவின் ஈரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும், வேதாரண்யம் கரையோர உப்புக்காற்றிலும் மேகசினின் உட்சுவர் சத்தமில்லாமல் துருப்பிடிக்கும். சொரசொரப்பான சுவரில் தோட்டாவைத் தூக்கும் தட்டு நின்று நின்று ஏறும். பழி ஸ்பிரிங் மேல் விழும். இதற்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது பெரிய தவறு. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், மார்கழி இரவுக்கு அதுவே போதும். நாளாக நாளாகப் பிசினாகவும் மாறும். துப்பாக்கி எண்ணெயைக்கூடத் துணியில் தொட்டுத் துடைத்து, உலர்துணியால் மறுபடி எடுத்துவிட வேண்டும். உள்ளே எண்ணெய் தேங்கினால் அறுவடைக் காலத்துத் தூசியும் உமியும் ஒட்டும், பிரைமருக்குள் கசிந்து தோட்டாவையும் பாழாக்கும். தோல் உறையில் மாதக்கணக்காகக் கிடக்கும் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறும். அப்படிப்பட்டதைத் துடைத்துப் போடாதீர்கள், விலக்குங்கள்.

கழற்றிச் சுத்தம் செய்யும்போது ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகவோ முன்பின் மாறியோ போட்டால் தட்டு சாயும். தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவதும் உதவாது. கொஞ்ச நாளில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

முடிவாக முழு எண்ணிக்கையா, ஒன்று குறைவா என்பதைச் சுட்டுத்தான் தீர்மானிக்க முடியும், அதுவும் சுடும் பயிற்சிக்கான ரேஞ்சில் மட்டும். தென்னந்தோப்பில் ஆள் இல்லை என்று சுட்டுப் பார்க்கக் கூடாது. கல்யாணத்திலோ திருவிழாவிலோ வானத்தை நோக்கிச் சுட்டால் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேகசின்களுக்கு 1, 2 என்று எண் போட்டு, ஒவ்வொன்றையும் முழுக்க நிரப்பி மூன்று தடவையாவது சுடுங்கள். கவனிக்க வேண்டியவை முதல் தோட்டாவும் கடைசித் தோட்டாவும். முதல் தோட்டா ஏறத் தயங்கினால் ஸ்பிரிங் மிக இறுக்கம், ஸ்லைடால் உருவ முடியவில்லை. அந்த மேகசினில் ஒன்று குறைத்துப் போடுங்கள். கடைசித் தோட்டா தடுமாறினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அதற்கு எத்தனை குறைத்தாலும் பயனில்லை, கடைசித் தோட்டாவை எப்போதும் அதே தளர்ந்த ஸ்பிரிங்தான் தூக்க வேண்டும், ஸ்பிரிங்கை மாற்றுங்கள். 25 மீட்டர் .22 போட்டிகளுக்குப் பயிற்சி செய்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது, ஐந்துக்கு மேல் நிரப்ப விதியே இடம் தராது.

தேர்தல் அறிவிப்பு வந்து ஸ்டேஷனிலோ டீலரிடமோ பிஸ்டலை ஒப்படைக்கும் வாரங்களில் மேகசின் காலியாகவே இருக்கட்டும். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு ஸ்லைடை இழுத்துச் சேம்பரைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். இந்த வரிசையை மாற்றி, சேம்பரை முதலில் காலி செய்துவிட்டு மேகசினைப் பிறகு எடுத்தால், ஸ்லைடு மூடும்போது அடுத்த தோட்டா ஏறி உள்ளேயே உட்கார்ந்திருக்கும். திரும்ப வாங்கும்போது மேகசின் எண்ணிக்கையை ரசீதோடு சரிபார்த்து, உட்சுவரில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே நிரப்புங்கள்.